டாங்கிகளும் ஒரு ராஜினாமாக் கடிதமும்: முகாபேயின் வீழ்ச்சி ஆட்சிக்கவிழ்ப்புதானா?

ஒரு நாட்டின் ஆயுதப்படையோ அதன் ஒரு பகுதியோ, தேர்தலுக்கும் சட்டத்துக்கும் வெளியே நின்று ஆட்சித் தலைவரைப் பதவியிலிருந்து அகற்றுவதையே ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு என்கிறோம். அதை அடையாளம் காண்பது பெரும்பாலும் எளிது. வானொலி அல்லது தொலைக்காட்சி நிலையம் கைப்பற்றப்படும், அரசியல் சாசனம் முடக்கப்படும், நாடாளுமன்றம் கலைக்கப்படும், சீருடை அணிந்த ஒருவர் தம்மையே நாட்டின் தலைவராக அறிவித்துக்கொள்வார். ஆனால் 37 ஆண்டுகள் ஜிம்பாப்வேயை ஆண்ட ராபர்ட் முகாபே 2017 நவம்பரில் வீழ்ந்தபோது, இவற்றுள் முதல் அடையாளம் மட்டுமே தென்பட்டது. சாசனம் நடைமுறையில் இருந்தது, நாடாளுமன்றம் கூடியது, அதிபர் தம் கைப்பட ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், ஆட்சிக்கு வந்தவரும் சீருடை அணிந்தவர் அல்லர். எனவே நடந்தது கவிழ்ப்பா, கட்சிக்குள் நிகழ்ந்த அதிகார மாற்றமா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள, அந்தப் பத்து நாட்களுக்கு வெகு முன்பிருந்தே தொடங்க வேண்டும். ஏனெனில் முகாபேயை இறக்கிய படையே அவரை அத்தனை ஆண்டுகள் தாங்கி நின்ற படையும் ஆகும்.

படை தாங்கிய ஆட்சி

1924இல் குட்டாமா என்ற கத்தோலிக்க மறைப்பணி ஊரில் பிறந்த முகாபே, ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் அரசியலுக்கு வந்தவர். அன்று ரொடீசியா என்று அழைக்கப்பட்ட ஜிம்பாப்வேயின் வெள்ளைச் சிறுபான்மை அரசு 1964 முதல் 1974 வரை அவரைச் சிறையில் வைத்திருந்தது. விடுதலையான பின் மொசாம்பிக்கிலிருந்து கெரில்லாப் போரை வழிநடத்திய ஜானு இயக்கத்தின் தலைமைக்கு உயர்ந்தார். 1979இல் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் கையெழுத்தான உடன்படிக்கையை அடுத்து நடந்த தேர்தலில் வென்று, 1980 ஏப்ரல் 18 அன்று சுதந்திர ஜிம்பாப்வேயின் முதல் பிரதமரானார். 1987 இறுதியில் பிரதமர் பதவி ஒழிக்கப்பட்டு, முழு நிர்வாக அதிகாரமும் கொண்ட அதிபரானார்.

புதிய நாட்டின் ராணுவம், ஒன்றோடொன்று போரிட்ட மூன்று படைகளை இணைத்து உருவாக்கப்பட்டது: ஜானுவின் கெரில்லாப் படை, ஜோஷுவா என்கோமோ தலைமையிலான ஜாபு இயக்கத்தின் கெரில்லாப் படை, பழைய ரொடீசிய ராணுவம். ஆயினும் உச்சியில் நாளடைவில் நிலைபெற்றவர்களில் பெரும்பாலோர் ஜானுவின் போராளிகளாக இருந்தவர்கள்தாம். கட்சியும் படையும் ஒரே போரில் பிறந்த இரட்டையர் என்ற எண்ணம் அவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. வட கொரியப் பயிற்சி பெற்ற ஐந்தாம் படைப்பிரிவு 1983 முதல் மட்டபெலேலாந்துப் பகுதியில் நடத்திய வன்முறையில், பெரும்பாலும் என்டபெலே மக்களாகிய பொதுமக்கள் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 20,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீடுகள் உண்டு. குகுராஹுண்டி என்று அறியப்படும் அந்தக் கொடுமை நிகழ்ந்தபோது நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்தவர் எம்மர்சன் மனங்காக்வா. ஐந்தாம் படைப்பிரிவின் தளபதி பெரன்ஸ் ஷிரி. 2017இல் இவ்விருவரின் பெயர்களும் மீண்டும் வருகின்றன.

2002 அதிபர் தேர்தலுக்குச் சற்று முன்பு, அன்றைய பாதுகாப்புப் படைகளின் தளபதி விட்டாலிஸ் ஸ்வினவாஷே, விடுதலைப் போரின் இலட்சியங்களுக்கு மாறான எவருக்கும் படைகள் சல்யூட் அடிக்கமாட்டா என்ற பொருளில் வெளிப்படையாக அறிக்கை விட்டார். தொழிற்சங்கத் தலைவராக இருந்து எதிர்க்கட்சித் தலைவரான மோர்கன் ஸ்வாங்கிராயைக் குறிவைத்த பேச்சு அது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. 2008 மார்ச் தேர்தலின் முதல் சுற்றில் ஸ்வாங்கிராய் 47.9 விழுக்காடும் முகாபே 43.2 விழுக்காடும் பெற்றனர். இரண்டாம் சுற்றுக்கு முந்தைய வாரங்களில் எதிர்க்கட்சியினர்மீது ஏவப்பட்ட வன்முறை தாங்க முடியாத அளவுக்குப் போனதால் ஸ்வாங்கிராய் விலகிக்கொண்டார், முகாபே தனியாளாக வென்றார். அதே ஆண்டில் மராங்கே வைரப் படுகைகளையும் படைகள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. விலைவாசி எங்கோ போய், 2009 ஜனவரியில் 100 டிரில்லியன் டாலர் நோட்டு அச்சடிக்கப்பட்ட காலம் அது. சில வாரங்களிலேயே அந்த நாணயம் கைவிடப்பட்டு, அமெரிக்க டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் புழக்கத்துக்கு வந்தன.

ஆகவே 2017இல் ஜிம்பாப்வே ராணுவம் "அரசியலுக்குள் நுழைந்தது" என்று சொல்வது சரியாகாது. அது ஒருபோதும் அரசியலுக்கு வெளியே இருந்ததில்லை. அவ்வாண்டு மாறியது ஒன்றுதான்: அதுவரை எதிர்க்கட்சிக்கு எதிராகத் திரும்பியிருந்த துப்பாக்கி, ஆளுங்கட்சிக்குள்ளேயே ஒரு தரப்பின்மீது திரும்பியது.

யார் அடுத்தவர்?

நீண்டகாலம் ஆளும் தலைவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்வியில். விடை சொல்லிவிட்டால் அதிகாரம் அந்த வாரிசின் வாசலுக்குப் போய்விடும். சொல்லாமல் விட்டால் சுற்றியிருப்பவர்கள் தங்களுக்குள் மோதத் தொடங்குவார்கள். முகாபே பல்லாண்டுகள் சொல்லாமல் இருந்தார், ஒரு தரப்பை வைத்து மறுதரப்பை அடக்கினார், அதில் வல்லவராகவும் இருந்தார். 2014 டிசம்பரில் துணை அதிபர் ஜாய்ஸ் முஜுருவை நீக்கி மனங்காக்வாவை அந்த இடத்தில் அமர்த்தியதும் அந்த ஆட்டத்தின் ஒரு காய் நகர்த்தல்தான்.

அதன் பிறகு முகாபேயின் ஆளுங்கட்சியான ஜானு-பிஎஃப் இரு அணிகளாகப் பிரிந்தது. முதலை என்று பொருள்படும் பட்டப்பெயர் கொண்ட மனங்காக்வாவின் பின்னால் நின்ற அணிக்கு, முதலைச் சின்னம் கொண்ட பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் பெயரால் லாகோஸ்ட் என்ற பெயர் வழங்கியது. விடுதலைப் போரின் முன்னாள் போராளிகளும் படைத் தலைமையும் அந்தப் பக்கம் இருந்தனர். மறுபக்கம் ஜி-40 என்று அழைக்கப்பட்ட அணி. ஜொனதன் மோயோ, சேவியர் கசுகுவெரே போன்ற, விடுதலைப் போர் வரலாறு இல்லாத அல்லது அதைத் தங்கள் மூலதனமாகக் கொள்ளாத அரசியல்வாதிகளின் குழு. அவர்களுடைய முகம் அதிபரின் மனைவி கிரேஸ் முகாபே. கணவரைவிட நாற்பது வயதுக்கு மேல் இளையவரான கிரேஸ், கட்சியின் மகளிர் அணித் தலைவராகி, ஊர் ஊராகச் சென்று கணவரின் பழைய தோழர்களை மேடையிலேயே இழித்துப் பேசத் தொடங்கினார். தொண்ணூற்று மூன்று வயதில், கூட்டங்களில் கண்ணயர்ந்துகொண்டிருந்த அதிபரின் பெயரால் உண்மையில் முடிவெடுப்பது யார் என்ற கேள்வி தளபதிகளை உறுத்தியது. அதைவிட, ஜி-40 அணி வென்றால் தங்கள் பதவியும் சொத்தும் மிஞ்சுமா என்ற கவலை அவர்களை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும். பின்னர் அவர்கள் வெளியிட்ட அறிக்கைகளில் புரட்சியைக் காப்பது பற்றிய பேச்சே நிறைந்திருந்தது. இந்தக் கவலையைப் பற்றி இயல்பாகவே ஒரு சொல்லும் இல்லை.

2017 நவம்பர் 4 அன்று புலவாயோ நகரில் நடந்த கூட்டத்தில் கிரேஸ் பேசியபோது கூட்டத்தின் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். முகாபே சினம்கொண்டு, மனங்காக்வாவை நீக்கவும் தயங்கமாட்டேன் என்றார். இரண்டு நாட்களில் நீக்கவும் செய்தார். மனங்காக்வா எல்லை கடந்து மொசாம்பிக் வழியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார்.

நவம்பர் 13 முதல் 21 வரை

பாதுகாப்புப் படைகளின் தளபதி ஜெனரல் கான்ஸ்டன்டினோ சிவெங்கா அப்போது சீனப் பயணத்தில் இருந்தார். நாடு திரும்பியவர், நவம்பர் 13 அன்று தொண்ணூறு அளவிலான மூத்த அதிகாரிகளைச் சுற்றி அமரவைத்துக்கொண்டு செய்தியாளர்களிடம் ஓர் அறிக்கையைப் படித்தார். போர்ப் பின்னணி கொண்டவர்களைக் கட்சியிலிருந்து களையெடுப்பது உடனே நிறுத்தப்பட வேண்டும், புரட்சியைக் காக்கும் நிலை வந்தால் படை தலையிடத் தயங்காது என்பது அதன் சாரம். அரசுத் தொலைக்காட்சி அந்தச் செய்தியை ஒளிபரப்பவில்லை. மறுநாள் கட்சி அதைத் தேசத்துரோகச் செயல் என்று கண்டித்தது. அந்தக் கண்டனம் வெளியான நாளிலேயே கவச வாகனங்கள் தலைநகர் ஹராரேயை நோக்கி நகர்வதை மக்கள் பார்த்தனர்.

நவம்பர் 15 அதிகாலையில், கைப்பற்றப்பட்ட தொலைக்காட்சி நிலையத்தில் மேஜர் ஜெனரல் சிபுசிசோ மோயோ தோன்றினார். இது ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றும் நடவடிக்கை அன்று, அதிபரும் குடும்பத்தினரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள், அவரைச் சூழ்ந்துள்ள குற்றவாளிகளே எங்கள் இலக்கு என்றார். அமைச்சர் இக்னேஷியஸ் சோம்போ உள்ளிட்ட சிலர் தடுத்துவைக்கப்பட்டனர். முகாபே தம் இல்லத்துக்குள் முடங்கினார். இந்த நடவடிக்கைக்கு மரபை மீட்டல் என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டிருந்தது. சீருடையில், துப்பாக்கிகளின் துணையோடு, அதிகாலையில் வந்து இது கவிழ்ப்பன்று என்று அறிவிப்பதே ஒரு விந்தை. ஆனால் அந்த மறுப்பு உளறலும் அன்று, வெறும் நாடகமும் அன்று. அதற்கு ஒரு திட்டவட்டமான சட்டக் காரணம் இருந்தது. அதைச் சற்றுப் பின்னர் பார்க்கலாம்.

அடுத்து வந்த நாட்களில் பேச்சுவார்த்தை நடந்தது. ஃபிடெலிஸ் முகோனோரி என்ற இயேசு சபைப் பாதிரியார் இடையில் நின்று பேசினார். தென்னாப்பிரிக்க அமைச்சர்கள் இருவர் வந்து சேர்ந்தனர். நவம்பர் 17 அன்று முகாபே, பல்கலைக்கழக வேந்தருக்குரிய அங்கி அணிந்து ஒரு பட்டமளிப்பு விழாவில் கலந்துகொள்ளவும் அனுமதிக்கப்பட்டார். வீட்டுக்காவலில் இருப்பதாக உலகம் நம்பிய ஒருவர் பட்டம் வழங்கிக்கொண்டிருந்த அந்தக் காட்சி பலரைக் குழப்பியது. படைத்தலைவர்களுக்கு அந்தக் குழப்பம் தேவைப்பட்டது; அவர் இன்னமும் அதிபர்தான் என்று காட்டினால்தான், பின்னர் அவர் தாமே விலகினார் என்று சொல்ல முடியும்.

நவம்பர் 18 அன்று பல்லாயிரக்கணக்கான மக்கள் ஹராரே வீதிகளில் திரண்டனர். எதிர்க்கட்சியினரும் விடுதலைப் போரின் முன்னாள் போராளிகளும் ஒரே ஊர்வலத்தில் நடந்தனர், இளைஞர்கள் சிப்பாய்களைக் கட்டித் தழுவினர். அந்த மகிழ்ச்சி உண்மையானது என்பதை மறுக்க வேண்டியதில்லை; ஆனால் படை அனுமதித்ததால்தான் அந்த ஊர்வலம் நடந்தது என்பதும் உண்மை. 19ஆம் தேதி கட்சியின் மத்தியக் குழு முகாபேயைத் தலைமையிலிருந்து நீக்கி, மறுநாள் நண்பகலுக்குள் அதிபர் பதவியை விட்டு விலகுமாறு கெடு விதித்தது. அன்றிரவு தளபதிகள் புடைசூழத் தொலைக்காட்சியில் தோன்றிய முகாபே, நாடே எதிர்பார்த்த அந்த ஒரு செய்தியை மட்டும் சொல்லாமல், டிசம்பரில் நடக்கவிருந்த கட்சி மாநாட்டுக்குத் தாமே தலைமை வகிக்கப்போவதாகக் கூறி, சுவாஹிலி மொழியில் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

கெடு கடந்தது. 21ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஹராரேயின் மாநாட்டு மண்டபத்தில் கூடிப் பதவிநீக்கத் தீர்மானத்தை எடுத்தன. சாசனத்தின் 97ஆம் பிரிவின்படி இது நெடிய நடைமுறை: விசாரணை தொடங்க இரு அவை உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேரின் ஆதரவு வேண்டும், ஒன்பது பேர் கொண்ட கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும், இறுதியில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அத்தனைக்கும் தேவை ஏற்படவில்லை. விவாதம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அவைத்தலைவர் ஜேக்கப் முடெண்டாவிடம் ஒரு கடிதம் கொண்டுவந்து தரப்பட்டது. தம் விருப்பத்தின்பேரிலேயே, உடனடியாக நடைமுறைக்கு வரும்படி விலகுவதாக முகாபே எழுதியிருந்தார். மண்டபம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. பதவியில் எஞ்சியிருந்த துணை அதிபர் ஃபெலெகேசெலா ம்போகோ அப்போது வெளிநாட்டில் இருந்தார். கட்சி மனங்காக்வாவின் பெயரை முன்மொழிய, நவம்பர் 24 அன்று அவர் பதவியேற்றார்.

கடிதம் ஏன் தேவைப்பட்டது?

டாங்கிகள் தெருவில் நின்றுகொண்டிருக்கும்போது கையெழுத்து எதற்கு என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவின் அண்மைக்கால வரலாறு இதற்கு விடை தருகிறது. 1960கள் முதல் 1990கள் வரை அந்தக் கண்டத்தில் கவிழ்ப்புகள் அடிக்கடி நிகழ்ந்தன. வென்றவரை அண்டை நாடுகள் சில வாரங்களில் ஏற்றுக்கொள்வதே வழக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டு டோகோவின் லோமே நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், சாசனத்துக்குப் புறம்பான ஆட்சிமாற்றத்தை ஏற்பதில்லை என்றும், அப்படி வந்த அரசைத் தங்கள் அமைப்பின் கூட்டங்களில் பங்கேற்கவிடாமல் இடைநிறுத்துவது என்றும் உறுதி பூண்டனர். 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற ஜனநாயக சாசனம் இதை மேலும் இறுக்கியது. இடைநிறுத்தம் என்றால் வெறும் மரியாதைக் குறைவு அன்று. பிராந்தியத் தடைகளும் கடன், உதவி ஆகியவற்றின் முடக்கமும் அதன் பின்னால் வரக்கூடும். கையில் பணமில்லாத, தென்னாப்பிரிக்காவைப் பெரிதும் நம்பியிருக்கும், நிலத்தால் சூழப்பட்ட ஜிம்பாப்வேக்கு அது தாங்க முடியாத விலை.

ஆகவே தளபதிகள் ஒன்றை நன்கு கணித்திருந்தனர்: அதிபரை வீழ்த்துவது எளிது, அவர் வீழ்த்தப்படவில்லை என்று காட்டுவதே கடினம். சாசனம் முடக்கப்படாததும், கட்சி தன் விதிகளின்படி கூடியதும், நாடாளுமன்றம் தன் பங்கைச் செய்ததும் இந்தக் கணக்கின் பகுதிகளே. அன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவராக இருந்த கினி அதிபர் ஆல்ஃபா கோண்டே, முதலில் இது கவிழ்ப்பு போலத் தோன்றுகிறது என்று சொன்னார். ராஜினாமா வந்தபின் ஒன்றியம் அதை வரவேற்றது, ஜிம்பாப்வே இடைநிறுத்தப்படவில்லை. (நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், கோண்டேயையே அவருடைய சிறப்புப் படையினர் கவிழ்த்தனர். அங்கே ராஜினாமா நாடகம் ஏதும் நடத்தப்படவில்லை.)

சட்டப்படி இதை எப்படி எடைபோடுவது? 2013ஆம் ஆண்டுச் சாசனத்தின் 213ஆம் பிரிவு, பாதுகாப்புப் படைகளைப் பணியில் இறக்கும் அதிகாரம் அதிபர் ஒருவருக்கே உண்டு என்கிறது. 208ஆம் பிரிவு, பாதுகாப்புத் துறையினர் எந்தக் கட்சியின் நலனுக்காகவும் செயல்படக் கூடாது என்கிறது. நவம்பர் 14 இரவு கவச வாகனங்களை நகருக்குள் அனுப்பியவர் அதிபர் அல்லர் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. தொடக்கநிலை வாசகர் கவிழ்ப்பைக் கண்டறிய இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் கருத்து: படையைத் தெருவுக்கு அனுப்பும் உரிமை யாருக்கு இருந்தது, உண்மையில் அனுப்பியவர் யார்? அதன் பின் எத்தனை அவைகள் கூடினாலும், எத்தனை கடிதங்கள் வாசிக்கப்பட்டாலும், அவை அந்த இரவின் நிழலில் நிகழ்ந்தவையே. எதிர்த் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு: அதிபரின் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்படாத சிலர் அபகரித்துக்கொண்டிருந்தால், அதைத் தடுப்பது சாசனத்தைக் காப்பதாகாதா? ஹராரே உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜார்ஜ் சிவேஷே, மனங்காக்வா பதவியேற்ற அதே நவம்பர் 24 அன்று, ஏறக்குறைய இந்த வாதத்தை ஏற்று, படையின் நடவடிக்கை சாசனத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தார். முறையான எதிர்வாதம் ஏதுமின்றி வந்த தீர்ப்பு அது. வென்றவர்களின் நடவடிக்கையை, வென்ற சில நாட்களுக்குள் சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லும் நீதிமன்றங்கள் உலகில் அரிது.

முகாபேக்கு இதில் ஐயம் இருக்கவில்லை. 2018 மார்ச்சில் அளித்த பேட்டியில், நடந்தது ராணுவக் கவிழ்ப்பே என்றும், தம்மோடு நெடுங்காலம் பணியாற்றிய மனங்காக்வா தம்மை எதிர்ப்பார் என்று எண்ணியதே இல்லை என்றும் கூறினார்.

வேறு இடங்களில்

ஹராரே வழியின் தனித்தன்மை, மற்றவற்றோடு வைத்துப் பார்க்கும்போது தெளிவாகும். 2014 அக்டோபரில் புர்கினா ஃபாசோவில், 27 ஆண்டுகள் ஆண்ட பிளேஸ் கொம்பாவோரே, பதவிக்கால வரம்பைத் தளர்த்த முயன்றபோது மக்கள் எழுச்சி வெடித்து நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. படை கடைசிக் கட்டத்தில்தான் உள்ளே வந்தது. சூடானில் 30 ஆண்டுகள் ஆண்ட ஒமர் அல் பஷீரை, மாதக்கணக்கில் நீடித்த போராட்டத்தின் முடிவில், 2019 ஏப்ரல் 11 அன்று அவருடைய தளபதிகளே கைது செய்தனர். அவர்கள் மறைப்பு ஏதும் தேடாமல் சாசனத்தை முடக்கி ராணுவ மன்றம் அமைத்தனர். ஆப்பிரிக்க ஒன்றியம் கெடு விதித்து, போராட்டக்காரர்கள்மீது நடந்த படுகொலையை அடுத்து ஜூன் மாதம் சூடானை இடைநிறுத்தியது. 2023 ஆகஸ்ட் 30 அன்று கபோனில், தந்தையும் மகனுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த பாங்கோ குடும்ப ஆட்சியை அதிபரின் மெய்க்காவல் படைத் தலைவர் பிரைஸ் ஒலிகி என்குவெமா முடித்துவைத்தார். மறுநாளே இடைநிறுத்தம் வந்தது. இந்த மூன்றிலும் தலைவரை வீழ்த்திய பின் சீருடை அணிந்தவர்களே, சில நாட்களுக்கேனும், முன்னால் வந்து நின்றனர். ஜிம்பாப்வேயில் மட்டுமே அவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, கட்சியை முன்னால் அனுப்பினர்.

திரைக்குப் பின்னால் நின்றவர்கள் நெடுநாள் அங்கேயே நிற்கவில்லை. தொலைக்காட்சியில் அறிவிப்பை வாசித்த சிபுசிசோ மோயோ வெளியுறவு அமைச்சரானார். விமானப்படைத் தளபதியாக இருந்த, குகுராஹுண்டி நாட்களின் பெரன்ஸ் ஷிரி வேளாண் அமைச்சரானார். சீருடையைக் களைந்த சிவெங்கா, 2017 டிசம்பர் இறுதியில் துணை அதிபராகப் பதவியேற்றார். முகாபே 2019 செப்டம்பர் 6 அன்று, தொண்ணூற்றைந்தாம் வயதில் சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். தேசிய வீரர்களுக்கான நினைவிடத்தில் அவரை அடக்கம் செய்ய அரசு விரும்பியும், நீண்ட இழுபறிக்குப் பின் குடும்பத்தினர் அவரைக் குட்டாமாவிலேயே புதைத்தனர்.

மனங்காக்வா 2018 ஜூலை 30 அன்று நடந்த தேர்தலில் பாதிக்குச் சற்றே மேலான வாக்குகளுடன் வென்றதாக அறிவிக்கப்பட்டார். அந்த முடிவு வெளியாவதற்கு முன்பே, தாமதத்தைக் கண்டித்து ஆகஸ்ட் 1 அன்று ஹராரேயில் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் திரண்டபோது, படை மீண்டும் தெருவில் இறங்கிச் சுட்டது. ஆறு பேர் இறந்தனர். இம்முறை படையை இறக்கியது சட்டப்படி சரியே என்றும், ஆனால் பயன்படுத்திய வன்முறை அளவுக்கு மீறியது என்றும் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் கலேமா மோட்லாந்தே தலைமையிலான விசாரணை ஆணையம் கூறியது. 2017 நவம்பரில் சிப்பாய்களைக் கட்டித் தழுவிப் படமெடுத்துக்கொண்ட நகரமும் அதுவே.